உருகிய கந்தகத்தை ஆவியாக்கும் கருவிகள்: பதங்கப் பானை முதல் பால்மரத் தோட்டம் வரை

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்வைப் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ளன. கங்காணி முறை, லயத்து வாழ்க்கை, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம், தோட்டத் துண்டாடல் எனப் பல பொருள்கள் குறித்து நூல்களும் கட்டுரைகளும் வெளிவந்துள்ளன. எனினும், அத்தோட்டங்களில் நம் முன்னோர் நாள்தோறும் கையாண்ட பொருள்களுக்கும் கருவிகளுக்கும் உரிய வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை. உளியும் மங்கும் காண்டாவும் நம் கதைகளிலும் கவிதைகளிலும் இடம்பெற்றன. ஆய்வுப் பொருளாக அவை அத்துணை கவனம் பெறவில்லை. அவற்றிலும் குறைவாகக் கவனிக்கப்பட்ட பொருள் ஒன்று உண்டு. அது கந்தகம்.

கந்தகத்தை உருக்கி ஆவியாக்கி, அவ்வாவியை மீண்டும் நுண்பொடியாகப் படியவைக்கும் கருவிகள் எவ்வாறு அமைந்தன, அவை எவ்விதத் தேவையால் தோன்றின, பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களோடு அவற்றுக்குள்ள தொடர்பு யாது என்னும் வினாக்களை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். பழைய தோட்டப்புறங்களிலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஈப்போவின் சிலிபின் போன்ற நகர்ப்புறப் பகுதிகளில் இருந்து நோக்கும்போது, இவ்வினாக்கள் தொழில்நுட்ப வரலாற்றோடு நின்றுவிடுவன அல்ல. உழைப்பின் வரலாறும் மொழியின் வரலாறும் அவற்றுள் அடங்கும்.

கந்தகத்தின் இயல்பும் கருவியமைப்பின் சிக்கலும்

கருவியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, முதலில் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். கந்தகம் ஏறத்தாழ 115 முதல் 119 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகித் தேன்நிற நீர்மமாகிறது. அந்நிலையில் அது எளிதில் ஓடும். மேலும் சூடேற்றினால் இளகுதல் கூடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 159 பாகையைக் கடந்ததும் கந்தகம் செந்நிறங் கொண்டு திடீரெனத் தடிக்கிறது. 187 பாகையை ஒட்டிப் பாகிலும் கெட்டியாகி ஓட மறுக்கிறது. அதன்பின் வெப்பம் ஏற ஏறச் சிறிது சிறிதாக இளகி, 445 பாகையளவில் கொதிக்கிறது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. காற்றுப்படும் இடத்தில் ஏறத்தாழ 230 முதல் 260 பாகைக்குள்ளாகவே கந்தகம் தானே தீப்பற்றிக்கொள்கிறது. கொதிநிலைக்குச் செல்லும் வழியின் நடுவிலேயே தீநிலை குறுக்கிடுகிறது என்பது இதன் பொருள். தீப்பற்றிய கந்தகம் கந்தகப்பூவைத் தருவதில்லை. கந்தக ஈராக்சைடு என்னும் மூச்சைத் திணறச் செய்யும் வளிமத்தையே தருகிறது. பூஞ்சாணைக் கொல்ல வந்த மருந்து இலையையே கருக்கும் நஞ்சாக மாறுவது இவ்வாறே.

ஆகவே கருவி அமைப்போர்க்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, காற்றுப் புகாத மூடிய கலத்தில் கொதிக்கவைத்தல். மற்றொன்று, தீநிலைக்கு வெகுவாகக் கீழே வெப்பத்தை நிறுத்தி, மெல்ல மெல்ல ஆவியெழச் செய்தல். இவற்றோடு மூன்றாவது சிக்கலும் சேர்கிறது. ஆவி செல்லும் குழாயோ கழுத்தோ சற்றே குளிர்ந்தாலும் கந்தகம் அங்கேயே உறைந்து வழியை அடைத்துவிடும். அடைபட்ட கலம் வெடிக்கும். வெப்பத்தின் அளவு, காற்றின் விலக்கு, வழியின் காப்பு ஆகிய இம்மூன்றுக்கும் விடை காண்பதே கந்தக ஆவிக் கருவியின் வரலாறு முழுவதும் எனலாம்.

சித்த மருத்துவ மரபில் கந்தகம்

இம்மூன்று சிக்கல்களையும் நம் மரபு நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. சித்த மருத்துவத்தில் கந்தகத்திற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. இரசத்தை விந்தெனக் கொண்ட அம்மரபு கந்தகத்தை நாதம் எனக் கொண்டது. நாற்றம், பொன்வர்ணி என்னும் பெயர்கள் அதன் மணத்தையும் நிறத்தையும் சுட்டுவன. நெல்லிக்காய்க் கந்தகம் என்னும் வகைப்பெயர் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் வழக்கில் உள்ளது.

கந்தகச் சுத்தி முறையை ஈண்டு நோக்குதல் தகும். இரும்புக் கரண்டியில் பசுவெண்ணெயோடு கந்தகத்தை இட்டு, சிறு தீயில் உருக்கி, பசும்பாலில் சாய்ப்பர். இவ்வாறு பலமுறை செய்வர். வெண்ணெயும் சிறு தீயும் கந்தகம் தீநிலையை எட்டாமல் காக்கின்றன. உருகிய கந்தகம் தன் நச்சு மாசுகளையும் மணலையும் விட்டுப் பாலின் அடியில் உறைகிறது. வெப்பத்தை உருகுநிலைக்குச் சற்று மேலே நிறுத்தும் கட்டுப்பாடு இம்முறையின் உயிர்நாடி.

ஆவியாக்கும் முறை பதங்கம் எனப்பட்டது. இரு பானைகளை வாயோடு வாய் பொருத்தி, பொருத்துவாயைச் சீலைமண் கொண்டு மூடுவர். கீழ்ப்பானையில் இட்ட பொருள் சூட்டால் ஆவியாகி மேற்பானையின் உட்புறத்தில் படியும். சீலைமண் காற்றை விலக்குகிறது. மேற்பானை குளிர்பரப்பாக அமைகிறது. மட்கலமும் துணியும் களிமண்ணுமே கொண்டு அமைந்த இக்கருவி, தத்துவத்தில் இற்றைநாள் ஆலைக் கருவிக்கு நிகரானது.

இரசமும் கந்தகமும் சேர்த்துச் செந்தூரம் செய்யும் முறையோ இன்னும் நுட்பமானது. சீலைமண் பூசிய கண்ணாடிக் குப்பியை மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து, படிப்படியாகத் தீ ஏற்றுவர். இதுவே வாலுகா இயந்திரம் எனப்படுவது. மணல் வெப்பத்தைச் சீராகப் பரப்புகிறது. தீயின் தாவலைத் தணிக்கிறது. மிகுதியான கந்தகம் ஆவியாகிக் குப்பியின் கழுத்தில் உறைந்து அடைக்கும்போது, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைச் செலுத்தி அடைப்பை உருக்குவர். கந்தகப் புகையும் சுடரும் அடங்கிய பின்னரே குப்பியின் வாயை மூடுவர். வாய் மூடும் காலத்தைப் பிழைத்தால் குப்பி உடையும். அடைப்பு என்னும் மூன்றாவது சிக்கலுக்கு இந்திய இரச மருத்துவ மரபு கண்ட விடை இது. கையின் பழக்கமும் கண்ணின் கூர்மையும் அங்கு வெப்பமானியின் பணியைச் செய்தன.

மேலை நாட்டில் கந்தகப்பூ

ஐரோப்பாவில் இச்சிக்கல் பேரளவில் எழுந்தமைக்குத் திராட்சையே காரணம். 1845இல் இங்கிலாந்தின் மார்கேட்டில் தக்கர் என்னும் தோட்டக்காரர் திராட்சைக் கொடியில் வெண்ணிறப் பூஞ்சாணைக் கண்டார். பெர்க்லி அதற்குத் தக்கரின் பெயரையே இணைத்துப் பெயர் சூட்டினார். 1850களில் அந்நோய் பிரான்சின் திராட்சை விளைச்சலைப் பெரிதும் குலைத்தது. கந்தகப் பொடி தூவுதலே அதற்கு மருந்தாயிற்று. அதனால் நுண்ணிய கந்தகத்தின் தேவை பன்மடங்கு பெருகியது.

அத்தேவையை நிறைவு செய்த கருவி, இரும்புக் கொதிகலமும் பெரிய செங்கல் அறையும் இணைந்தது. கலத்தில் கொதித்த கந்தகத்தின் ஆவி அறைக்குள் பாய்ந்து, குளிர்ந்த சுவரில் மஞ்சள் நிறப் பூவாகப் படிந்தது. அறையின் சுவர் கந்தகத்தின் உருகுநிலைக்கும் கீழே குளிர்ந்திருந்தால் பூ கிடைக்கும். சூடேறிவிட்டால் ஆவி நீர்மமாகி அடியில் தேங்கும். அந்நீர்மத்தை அச்சில் வார்த்துக் குச்சிக் கந்தகம் செய்தனர். தொடக்கத்தில் அறைக்குள் எஞ்சியுள்ள காற்றோடு ஆவி கலந்து சிறு வெடிப்புகள் நிகழ்வதுண்டு. ஆகவே அறையின் மேற்புறத்தில் தானே திறந்து மூடும் அடைப்பிதழ் பொருத்தினர். பதங்கப் பானையும் இவ்வறையும் அளவால் வேறு, அறிவால் ஒன்று.

இரண்டாவது வழி கண்ணாடிக்குடில்களில் வளர்ந்தது. வெந்நீர்க் குழாய்களின்மேல் கந்தகக் குழம்பைப் பூசிவைத்தால், குழாயின் மெல்லிய சூட்டில் கந்தகம் சிறிது சிறிதாக ஆவியாகிக் குடில் முழுதும் பரவும். பின்னாளில் மின்சூட்டால் இயங்கும் சிறு கிண்ணக் கருவிகள் வந்தன. இவை கந்தகத்தை உருக்கி, தீநிலைக்குக் கீழேயே நிறுத்தி, இரவில் குடிலை மூடிவைத்து இயக்கப்படுகின்றன. காலையில் காற்றோட்டம் தந்த பின்னரே ஆள்கள் உள்ளே செல்ல வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள கிழக்குச் சாவகத்தின் காவா ஈஜென் எரிமலையிலோ இயற்கையே கொதிகலமாக அமைந்துள்ளது. எரிமலைப் பிளவிலிருந்து வரும் கந்தக ஆவியைக் குழாய்களின் வழியே செலுத்திக் குளிரவைத்து, செந்நிற நீர்மமாக வடியச் செய்து, மஞ்சள் கட்டியாக உறையவைத்து எடுக்கின்றனர். அங்கும் உறைந்த கந்தகத்தைக் கூடைகளில் ஏற்றித் தோளில் காவடிபோல் சுமந்தவர்கள் கூலித் தொழிலாளர்களே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பால்மரமும் வெண்பூஞ்சாணும்

பேராக்கின் பால்மர வரலாறு கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877இல் ஹியூ லோவின் காலத்தில் அங்கு ஒன்பது கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கமும் தோட்டமும் அருகருகே வளர்ந்தன. பால்மரத்திற்கும் கந்தகத்திற்கும் ஆலையில் உறவு ஏற்பட்டது அதற்கும் முன்னராகும். 1839இல் சார்லசு குட்இயர் கந்தகமும் வெப்பமும் சேர்ந்து இரப்பரை உறுதிப்படுத்துவதைக் கண்டார். 1843இல் தாமசு ஹான்காக் உருகிய கந்தகத்தில் இரப்பர்ப் பட்டைகளை அமிழ்த்தியே அதனைச் செய்து காட்டினார். மலாயாவின் தோட்டங்கள் புகையூட்டிய தகடுகளைக் கப்பலேற்றின. அத்தகடுகளுக்குக் கந்தகம் ஊட்டும் தொழில் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் நடைபெற்றது.

தோட்டத்திற்குள் கந்தகம் வந்தது வேறொரு வழியில். பால்மர இலையைத் தாக்கும் வெண்பூஞ்சாண் நோய் 1918இல் சாவகத்தில் அறியப்பட்டது. 1925இல் மலாயாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. அவ்வாண்டிலேயே மலாயா இரப்பர் ஆய்வுக் கழகமும் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும். செம்பு நிறத்தில் தொங்கும் இளந்துளிரையே இந்நோய் பற்றுகிறது. துளிர் சுருண்டு உதிர்ந்தால் மரம் மீண்டும் துளிர்க்கத் தன் சேமிப்பைச் செலவிட வேண்டும், பால் குறையும். பால் குறைந்தால் வெட்டுக்காரரின் வருவாயும் குறையும். ஆகவே இந்நோய் துரையின் கணக்கேட்டை மட்டுமன்றி, லயத்து அடுப்பையும் பாதித்தது.

இதற்கு மருந்து, நுண்ணிய கந்தகப் பொடி. இந்திய இரப்பர் வாரியம் பரிந்துரைத்த அளவைக் கொண்டு இப்பணியின் பளுவை உணரலாம். ஒரு ஹெக்டருக்கு ஒருமுறைக்கு 11 முதல் 14 கிலோகிராம் வரை, ஓரிரு வார இடைவெளியில் மூன்று முதல் ஆறு முறை வரை தூவ வேண்டும். மரத்தின் உச்சியோ இருபது மீட்டருக்கு மேலும் உயரும். அவ்வுயரத்திற்குப் பொடியைச் செலுத்த இயந்திர விசிறி கொண்ட தூவிகள் பயன்பட்டன. மேட்டு நிலங்களில் அவற்றைக் கம்புகளில் பொருத்தித் தோளில் சுமந்து செல்லவும் வேண்டியிருந்தது. விடியற்காலையில், காற்றடங்கி, இலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவ வேண்டும். வெயிலேறினால் காற்று கிளம்பிப் பொடியைச் சிதறடிக்கும். மழை பெய்தால் உழைப்பு முழுதும் வீணாகும்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. இலைமேல் படிந்த கந்தகம் வெப்ப நாட்டு வெயிலில் சிறிது சிறிதாக ஆவியாகிறது. அவ்வாவியும் பூஞ்சாணின்மேல் செயற்படுகிறது. குளிர்நாட்டுக் கண்ணாடிக்குடிலில் வெந்நீர்க் குழாய் செய்த வேலையை மலாயாவில் கதிரவனே செய்தான். உருக்கி ஆவியாக்கும் கருவியைத் திறந்தவெளித் தோட்டத்தில் நிறுத்துவது அரிது, தீயிடர் மிக்கது. ஆகவே ஆவியாக்குதலைத் தொலைவிலுள்ள ஆலையும் தலைமேலுள்ள வெயிலும் பகிர்ந்துகொள்ள, இடைப்பட்ட பணி மனிதத் தோள்மேல் விழுந்தது.

தூளிலிருந்து புகைக்கு

தூவும் முறைக்கும் இடர்கள் இருந்தன. காற்றில் பரந்த கந்தகத் தூள் மிகச் சிறு தீப்பொறியிலும் பற்றக்கூடியது. இயந்திரத்தின் சூடான புகைபோக்கியே அதற்குப் போதும். தூள் ஈரமேறிக் கட்டிப்பட்டால் விசிறி அடைபடும். அதனால் வழவழப்பான கனிமப் பொடிகளைக் கலந்தனர்.

1970களுக்குப் பின் மலேசியாவில் எண்ணெயில் கரைத்த டிரைடெமோர்ப் போன்ற பூஞ்சாண் கொல்லிகளை வெப்பப் புகையாகச் செலுத்தும் முறை ஆராயப்பட்டுப் பயன்பாட்டிற்கு வந்தது. இக்கருவியில் மருந்தெண்ணெய் சூடான வளிமத் தாரைக்குள் செலுத்தப்பட்டு நொடியில் ஆவியாகிறது. வெளிக்காற்றில் பட்டதும் மிக நுண்ணிய துளிகளாக உறைந்து வெண்புகையாக மரவுச்சி வரை எழுகிறது. மருந்து மாறியது, ஆயினும் ஆவியாக்கி உறையவைத்து நுண்மை பெறும் பழைய தத்துவம் மாறவில்லை. செங்கல் அறையில் நிகழ்ந்தது இப்போது மரங்களுக்கிடையே நிகழ்ந்தது. பதங்கப் பானையின் மேற்கலம் தோட்டத்து வானமாயிற்று.

எழுதப்படாத கைகள்

இவ்வரலாற்றில் பெயர் பெற்றோர் யாவர் எனக் காண்போம். தக்கரின் பெயர் பூஞ்சாணுக்கு வந்தது. குட்இயர், ஹான்காக் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் நிலைபெற்றன. தோட்ட அறிக்கைகளிலோ கந்தகத்தின் எடை, தூவிய முறைகள், ஏக்கருக்கு ஆன செலவு ஆகியன குறிக்கப்பட்டன. விடியலுக்கு முன் பெரட்டுக்கு வந்து, மூக்கில் துணி கட்டி, மஞ்சள் தூள் படிந்த கண்ணோடு நிரைதோறும் நடந்தவர்கள் கூலிச் செலவு என்னும் ஒரு நிரலுக்குள் அடங்கிப் போயினர்.

கந்தகத் தூள் கொடிய நஞ்சன்று என்பது உண்மை. சொறி சிரங்கிற்குக் கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசிய நம் மக்கள் அதனை அறிவர். ஆனால் அது கண்ணையும் தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். தீப்பற்றினால் எழும் வளிமம் இழுப்பு நோயாளரைப் பெரிதும் வருத்தும். தோட்டத்து மருந்தடிப்போரின் உடல்நலம் பற்றிய கேள்வி பொதுவெளியில் உரக்க எழுந்தது வெகு பின்னரே. மருந்தடிக்கும் பெண் தொழிலாளர் குறித்துத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அது பெரிதும் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லிகளைப் பற்றியது. கந்தகக் காலத்துத் தொழிலாளர்க்கு அத்தகைய அறிக்கையை எவரும் எழுதவில்லை.

அவர்களுக்கு அறிவு இல்லை என்று கருதுவதும் பிழையாகும். எந்த நாளில் பனி இறங்கும், எந்த மேட்டில் காற்று முந்திக் கிளம்பும், எந்த நிரையில் துளிர் முதலில் சிவக்கும் என்பவற்றை நாள்தோறும் அந்நிரைகளில் நடந்தவர்களே நன்கு அறிவர். தூவும் நாளைக் குறிப்பதற்கு அவ்வறிவு இன்றியமையாதது. வாலுகா இயந்திரத்தின்முன் அமர்ந்து கழுத்தடைப்பைக் கண்டறிந்த மருத்துவனின் அறிவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

சொல்லின் வழிவந்த வரலாறு

தமிழாசிரியர் சிறப்பாகக் கருத வேண்டிய கூறு ஒன்றுண்டு. இன்று அறிவியல் பாடநூல்களில் வழங்கும் பதங்கமாதல் என்னும் கலைச்சொல் சித்த மருத்துவரின் பதங்கத்திலிருந்து பிறந்தது. பாடநூலில் அது திண்மம் நீர்மமாகாமல் நேரே ஆவியாதலைக் குறிக்கிறது. சித்தமரபிலோ அதன் பொருள் சற்று அகன்றது. கலத்தில் சூடேறி ஆவியாய் எழுந்து மேலே படிவதை எல்லாம் அது தழுவும். கந்தகம் உருகிப் பின் ஆவியாவதால், பாடநூல் பொருளில் அது முழுமையான பதங்கமாதல் அன்று. பானையின் பொருளில் பதங்கமே. இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்கினால், மாணவர் ஒரே வேளையில் வேதியியலையும் சொல் வரலாற்றையும் கற்பர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. 2009இல் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கற்ற மாணவர் பலர் உருகுநிலை, கொதிநிலை, பதங்கமாதல் போன்ற சொற்களைத் தமிழில் முறையாகக் கேளாமலே வளர்ந்தனர். 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமானபோது இவ்வினா மீண்டும் எழுந்தது. ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பானையிலும் குப்பியிலும் பிறந்து நூற்றாண்டுகளாகப் புழங்கிய சொற்கள் ஒரு தலைமுறைக்குள் அயற்சொற்களாக மாறுமாயின், அவ்விழப்பை எந்த மொழிபெயர்ப்பும் ஈடுசெய்யாது.

முடிவுரை

உருகிய கந்தகத்தை ஆவியாக்கும் கருவியின் வரலாறு, வெப்பத்தை அளந்து நிறுத்தல், காற்றை விலக்கல், வழியைக் காத்தல் ஆகிய மூன்று சிக்கல்களுக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறு என்பதைக் கண்டோம். பதங்கப் பானையும் செங்கல் அறையும் குடிற் கிண்ணமும் தோட்டத்து வெப்பப் புகைக்கருவியும் ஒரே அறிவின் வெவ்வேறு வடிவங்கள். தோட்டத்தில் மட்டும் அவ்வறிவின் பெரும்பளு பெயரற்ற தொழிலாளர் தோளில் ஏற்றப்பட்டது என்பதையும் கண்டோம்.

மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் 1998இல் மலேசிய இரப்பர் வாரியத்தோடு இணைந்தது. பால்மரக் காடுகள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. ஆவணங்கள் ஆய்வகங்களிலும் நூலகங்களிலும் உள்ளன. ஆனால் தூவியைச் சுமந்தவர்களின் நினைவு அங்கு இல்லை. அது சிலிபினிலும் சுங்கை சிப்புட்டிலும் இவை போன்ற பல இடங்களிலும் முதியோரின் நெஞ்சில் மட்டுமே உள்ளது; ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

ஆகவே தமிழாசிரியர்க்கும் பல்கலைக்கழக மாணவர்க்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் பால்வெட்டைப் பற்றிக் கேட்பதோடு நில்லாமல், மருந்தடித்த நாள்களைப் பற்றியும் கேட்க வேண்டும். எந்தக் கருவி, எத்தனை பேர் சுமந்தனர், என்ன கூலி, முகத்தை எதனால் மூடினர், அத்தூளுக்கு என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பவற்றை அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிந்து வைத்தல் வேண்டும். ஆவியாகிப் போன பொருளையும் குளிர்ந்த சுவரொன்று பிடித்துவைக்கும் என்பதைக் கந்தகப்பூ நமக்குக் காட்டுகிறது. இவ்வுழைப்பின் நினைவு படிந்து நிற்பதற்கு அத்தகைய சுவரொன்றை எழுப்புவது நம் துறையின் கடமையாகும்.